வகுப்பறையில் இழுப்பு வந்தால்...



லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. தேக்காப் பக்கம் குடியிருப்பவர்கள், பிள்ளைக்கு இழுப்பு வந்தால் அங்கே ஓடிவிடலாம். ஆனால், இழுப்பு வீட்டில்தான் வரும் என்று எழுதியா வைத்திருக்கிறது? பிள்ளை பகலில் பாதிப் பொழுது இருப்பது பள்ளியில். அங்கே வந்தால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் பள்ளி மருத்துவச் சேவை 1921ல் தொடங்கியது. கண் பார்ப்பது, பல் பார்ப்பது, தடுப்பூசி போடுவது ஆகியவை வந்து முடித்துவிட்டுப் போகக்கூடிய வேலைகள். ஆஸ்துமா அப்படியல்ல. சோதனை நாளில் நன்றாக இருக்கும் பிள்ளை, மறுநாள் திடலில் மூச்சுக்குத் தவிக்கும்.

அந்தக் காலத்தில் ரப்பர் உருண்டையைப் பிழிந்து மருந்தை உள்ளிழுக்க வேண்டும். 1955ல் அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் என்ற மருந்து நிறுவனத் தலைவரிடம், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவரது 13 வயது மகள், கூந்தலுக்கு அடிக்கும் தெளிப்பானைப்போல மருந்தையும் செய்யக்கூடாதா என்று கேட்டாள். மறு ஆண்டே கையடக்க இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969ல் உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமால் வந்தது. 1972ல் மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு இன்ஹேலர் வந்தது.

மருந்து வந்துவிட்டது, பழக்கம்தான் வரவில்லை. 1990களில் இங்கு நடந்த ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தது தெரியவந்தது. 2001ல் தேசிய ஆஸ்துமா திட்டம் தொடங்கியபோது, அதன் முக்கிய நோக்கம் தடுப்பு மருந்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது. நம் வீடுகளிலோ, "பம்ப் அடித்தால் பழகிவிடும்" என்ற பயம் இன்னும் போகவில்லை.

பிள்ளைக்கு வேறொரு பயம்: நண்பர்கள் கேலி செய்வார்களோ? இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழி கண்டார்கள். டாம்வொர்த் வட்டாரத்தில் மூத்த மாணவர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களைக்கொண்டே இளையவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார்கள். பள்ளிக்கு வராத நாட்கள் குறைந்தன என்று 2001ல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் 2014 முதல், அவசரத்துக்கென்று பள்ளிகளே இன்ஹேலர் வாங்கி வைக்கச் சட்டம் அனுமதித்தது.

2015 செப்டம்பர் 25ஆம் தேதி, புகைமூட்டத்தால் நம் தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் ஒருநாள் மூடினார்கள். புகை கண்ணுக்குத் தெரிந்தது, மூடினோம். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியும், சளிக்காய்ச்சலும் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே பெற்றோர்களே, மருத்துவர் எழுதித் தரும் ஆஸ்துமா செயல்திட்டத்தின் நகல் ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். நிவாரண இன்ஹேலர் அலமாரியில் அல்ல, பிள்ளையின் பையில் இருக்கட்டும். ஆசிரியர்களே, இழுப்பு வந்த பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து மருந்தைக் கொடுங்கள். தேறாவிட்டால் 995ஐ அழையுங்கள். மருத்துவமனை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், முதல் சில நிமிடங்களில் பிள்ளைக்குத் துணை, பக்கத்தில் நிற்பவர்தான்.