மராத்தி இசை நாடகமும் நாமும்

மும்பைக்கு வரும் உறவினரைக் கடற்கரைக்கும் மகாலட்சுமி கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் நாம், மராத்தி இசை நாடகத்திற்கு அழைத்துச் செல்வது அரிது. மொழி புரியாதே என்கிறோம். எனினும் அக்கலை நமக்கு முற்றும் அயலானதன்று.

தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட சகஜி மன்னர் தெலுங்கிலும் மராத்தியிலும் இசை நாடகங்கள் இயற்றினார். பின்னர் 1880இல், புனே நகரில் 'சங்கீத சாகுந்தல்' நாடகத்தை அரங்கேற்றிய அண்ணாசாகேப் கிர்லோஸ்கர், இன்றைய கருநாடக மாநிலத்தில் பிறந்தவர். கருநாடக மெட்டுகளையும் அதில் கையாண்டார்.

1921இல் பம்பாயில், வெவ்வேறு குழுக்களின் தலைவர்களான பால கந்தர்வரும் கேசவராவ் போசலேயும் திலகர் சுயராச்சிய நிதிக்காக 'மானாபமான்' நாடகத்தில் ஒருங்கே நடித்தனர். நாயகியாகத் தோன்றியவர் பால கந்தர்வரே! தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் செழித்திருந்ததும் அக்காலத்திலேதான். இரு மேடைகளிலும் பாட்டே உயிர்; 'ஒன்ஸ் மோர்' என்னும் குரலே பரிசு.

பாட்டைச் சுவைக்கச் செவி போதும். வசனத்தின் பொருளை, இங்குப் பள்ளியில் மராத்தி பயின்ற நம் பிள்ளைகள் சொல்லித் தருவர். தாதர் சிவாஜி மந்திர் அரங்கம் மாட்டுங்காவுக்கு அண்மையிலேயே உள்ளது. இனி ஊரிலிருந்து விருந்தினர் வருங்கால், இசை நாடகம் நிகழும் அரங்கிற்கும் அவர்களை அழைத்துச் செல்வோம். நம்மை வாழவைக்கும் நகரின் கலையை அறியாதிருத்தல் நன்றியுடைமை ஆகாது.