போனுக்கு முன்னாடியே வந்த போன்

ஆண்ட்ராய்ட் போன் முதல்ல வந்துச்சா, எமுலேட்டரா? எமுலேட்டர்தான் மக்களே. 2007 நவம்பர்ல கூகுள் எஸ்டிகே-வை வெளியிட்டப்போ கடையில ஒரு ஆண்ட்ராய்ட் போன்கூட கிடையாது. ஜி1 விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபர்ல. அதுவரைக்கும் ஆப் எழுதினவங்க கம்ப்யூட்டர் திரையில ஓடுற பொய் போன்லதான் சோதிச்சாங்க. க்யூஎமு மேல கட்டின அந்தப் பொய் ஹார்டுவேருக்கு 'கோல்ட்ஃபிஷ்'னு பேரு. பேர்தான் மீன், வேகம் ஆமை! ஏன்னா ஏஆர்எம் கட்டளைகளை இன்டெல் சிப்புக்கு மொழிபெயர்த்துக்கிட்டே ஓடணும்.

2011ல தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சது. திட்டக்குடி மாதிரி ஊர்ல, கையில ஆண்ட்ராய்ட் போன் இல்லாத மாணவருக்கும் ஆப் எழுத ஒரு வழி கிடைச்சுது. 2012 வாக்குல எக்ஸ்86 இமேஜும் ஹேக்ஸமும் வந்து மொழிபெயர்ப்பு வேலை போச்சு, வேகம் கூடுச்சு. ஆனா ப்ராசஸர்ல விடி வசதி இல்லைன்னா பழைய ஆமைதான்.