இரண்டு கட்டையா, மூன்று கட்டையா?

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் டார்ச் லைட் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது, "ரெண்டு கட்டையா, மூணு கட்டையா?" என்றுதான். கட்டை என்றால் பேட்டரி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். பிரெஞ்சில் பேட்டரியை 'பீல்' என்பார்கள். அடுக்கு என்று பொருள். 1800இல் இத்தாலியரான வோல்ட்டா உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டையோடு அடுக்கி மின்சாரம் எடுத்தார். அந்த அடுக்கே பெயராகிவிட்டது. டார்ச்சில் நாம் கட்டை போடுவதும் அடுக்குதான். ஒன்றுக்கு 1.5 வோல்ட், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4.5.

கட்டைக்குள் இருக்கும் ரசாயனம் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1866இல் கண்டது. அது திரவம் ஊற்றிய ஜாடி. அதைக் கூழாக்கிக் கையில் எடுத்துப் போகும்படி செய்தவர் ஜெர்மானியரான காஸ்னர். 1899இல் அமெரிக்காவில் டேவிட் மைசெல் குழாய் வடிவ டார்ச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்ததே எவரெடி. இந்தியாவில் 1939இல் கல்கத்தாவிலும் 1952இல் சென்னையிலும் பேட்டரி ஆலை, 1958இல் லக்னோவில் டார்ச் ஆலை என்று அது வளர்ந்தது.

1974இல் நான் திருப்பூரில் குமாஸ்தா. பல்லடம் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் குடியிருந்தேன். மோட்டாருக்குக் கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். ஒரு மழை இரவில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். "தம்பி, உங்க லைட்டைக் கொஞ்சம் குடுங்க. எங்கது எரியல."

என்னுடையதும் எரியவில்லை, கீழே விழுந்து பல்பு போயிருந்தது. அவர்களுடைய மூன்று கட்டை டார்ச்சில் பேட்டரி கசிந்து குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியின் வெளிக்குவளையே துத்தநாகம். மின்சாரம் தரத்தர அது கரையும். ஓட்டை விழுந்தால் நவச்சாரக் கூழ் வெளியே வரும். ஆனால் பல்பு நன்றாக இருந்தது, மரையும் ஒரே அளவு. அதைக் கழற்றி என் இரண்டு கட்டை டார்ச்சில் போட்டோம். மூன்று கட்டைப் பல்பு என்பதால் மஞ்சளாக, மங்கலாகத்தான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் வீட்டுக்காரர் மோட்டார் ரூமுக்குப் போனார். வாசற்படியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. இரண்டு டார்ச்சைச் சேர்த்து ஒன்றாக்க முடிந்ததால் அன்று ஓர் உயிர் தப்பியது.

அந்த டார்ச்சில் மூடி, கண்ணாடி, பல்பு, ஸ்பிரிங் எல்லாமே தனித்தனியாகக் கழலும். மளிகைக் கடையிலேயே பல்பு கிடைக்கும். தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டியதை உங்களில் பலரும் செய்திருப்பீர்கள்.

போன வருஷம் பேரன் சார்ஜ் போடும் எல்.இ.டி. டார்ச் வாங்கித் தந்தான். வெளிச்சம் பகல் மாதிரி. ஆனால் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டது. அது போனால் டார்ச்சே குப்பைக்கு. கழற்றும் லித்தியம் பேட்டரி போட்டதும் கடையில் உண்டு. 18650 என்று எழுதியிருக்கும்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அடுத்த முறை வாங்கும்போது, "பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.