மன்னார்க் கரையில் சோறும் மீனும்: மக்கரிசனின் எடைக்கணக்கை முன்வைத்து

எடை குறைய மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், புரதத்தைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரை கடந்த பத்தாண்டுகளில் ‘பேலியோ’ என்ற பெயரில் தமிழர் வீடுகளுக்குள் வந்தது. 1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் வெளியிட்ட சிறுநூலே இதன் முன்னோடி என்பது பலரும் எழுதிய செய்தி. என் கேள்வி வேறு. சோறு உண்பவர் புரதமில்லாமல் நலிந்தவர் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? மன்னார்த் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் அது பொருந்துமா?

இந்த எண்ணத்துக்கு அறிவியல் உருக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் குன்னூரில் ஆய்வு நடத்திய ராபர்ட் மக்கரிசன். இந்தியாவின் ஏழு வட்டார மக்களின் உணவை ஏழு எலிக்கூட்டங்களுக்கு, கூட்டத்துக்கு 20 எலிகள் வீதம், குறித்த காலம் கொடுத்து நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலியின் சராசரி எடை 235 கிராம். ‘மதராசி’ உணவில் வளர்ந்தது 155 கிராம். 1936இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் இந்த ஏணிப்படியை விளக்கிய அவர், மக்களின் உடற்கட்டும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கிறது என்றார்.

தீட்டிய அரிசியின் சத்திழப்பையும் பால் இல்லாத குறையையும் அவர் சுட்டியது சரி. அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ஒரு மாகாணம் முழுவதையும் ஒரே இலைக்குள் அடக்கி, அந்த இலையை அம்மக்களின் நிலையான இயல்பாக அவர் வாசித்ததை ஏற்க முடியாது. தஞ்சை வயற்காட்டுக் கூலியும் பாம்பன் மீனவரும் ஒன்றையா உண்டார்கள்? 1914 முதல் 1964 வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடிய நீரிணையின் இரு கரையாரும் அவருடைய அட்டவணையில் ‘அரிசி உண்போர்’ என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ்தான் விழுவார்கள். இன்னொன்றும் உண்டு. வளரும் எலியின் எடைக்கூடுதல் அவருக்கு நலத்தின் அளவுகோல். இன்றைய உணவு ஆலோசகருக்கோ வளர்ந்த மனிதரின் எடைக்குறைவு நலத்தின் அளவுகோல். நோக்கம் தலைகீழாகிவிட்டது. ஆனால் அரிசி அடியிலும் பாலும் இறைச்சியும் மேலிலுமாக நிற்கும் ஏணி அசையவில்லை. அதில் கருவாட்டுக்கும் பனங்கிழங்கு ஒடியலுக்கும் அன்றும் படியில்லை, இன்றும் படியில்லை.

மக்கரிசனுக்குச் சார்பாக ஒரு சான்றைக் காட்டலாம். மாந்தைத் துறைமுகத்தில் 2009–10இல் நடந்த அகழாய்வின் தாவர எச்சங்களை எலனோர் கிங்வெல்-பான்ஹாம் குழுவினர் 2018இல் வெளியிட்டனர். கடல் கடந்து வந்த கிராம்பும் கோதுமையும் செய்திகளில் இடம்பிடித்தன. ஆனால் எச்சங்களில் மிகுதி நெல்லரிசிதான். அப்படியானால் இக்கரை தொன்றுதொட்டுச் சோற்றுக்கரைதானே?

அவசரப்படக் கூடாது. கருகிய தானியமே மண்ணில் நிலைக்கிறது. சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்கள் விட்டுப்போகும் முள் நுண்ணிய சல்லடையில்லாமல் கையில் சிக்காது. தானிய எண்ணிக்கையையும் முள்ளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு மாவுச்சத்தும் புரதமும் உண்டார் என்று கணக்கிட வழியில்லை. மேலும் மாந்தை தீவில் இல்லை. கட்டுக்கரைக்குளத்து வயல்களை அடுத்து, அநுராதபுரத்துப் பாதையின் முனையில், பெருநிலக் கரையில் இருக்கிறது. அதன் அரிசி தீவின் அடுப்புக்குச் சாட்சி சொல்லாது.

கல்வெட்டும் இதே போக்கில் நம்மைத் திசைதிருப்பக் கூடியது. மாந்தையின் இன்னொரு பெயரான மாதோட்டத்தில் கிடைத்துக் கொழும்பு அருங்காட்சியகம் சேர்ந்த சோழர்காலச் சாசனங்களில் ஒன்று, கோயிற் கொடை தொடர்பாக மூன்று வணிகக் கூட்டத்தாரைக் குறிக்கிறது: சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர். எண்ணெயும் வெற்றிலையும் வாழையும் விற்ற இவர்கள் கோயிலுக்குப் பொறுப்பேற்கும் அளவுக்கு ஊரில் நிலைபெற்றவர்கள். மூன்றும் கோயிலுக்குள் நுழையத்தக்க பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்குக்கு எண்ணெய் வேண்டும், படையலுக்கு வாழை வேண்டும். மீன் விற்றவருக்கு இந்தக் கல்லில் வேலையே இல்லை. துறைமுகத்தில் அவர் இல்லாமல் இருந்திருக்க முடியுமா? கோயிற்சாசனத்தில் ஓர் உணவு இல்லாததைக் கொண்டு ஊரில் அது இல்லை என்று முடிவுகட்டுவது முறையல்ல. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். தென்னாட்டு உணவு வரலாற்றில் பெரும்பங்கு கோயிற்கல்லைக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. சோறும் நெய்யும் தயிரும் மட்டுமே உண்ட தமிழர் அந்தக் கல்லிலிருந்து பிறந்தவர்தான். சாசனத்தின் காலத்தைப் பொறுத்தவரை 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்ற அளவோடு நிற்கிறேன்.

அப்படியானால் தீவார் எதை உண்டார்கள்? சான்று மிக மெலிந்த இடம் இது. மணலும் பனையுமான தீவில் நெல் பெரிதாக விளையாது. விளைவது பனங்கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து, மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பு நீரை இறுத்த பிறகே கூழுக்குக் கரைப்பார்கள். அந்தக் கூழில் மீன்தலை, நண்டு, றால், கணவாய், பயற்றங்காய், கீரை எல்லாம் ஒரே பானையில் வேகும். இந்த மாவு கருகிய தானியமாக எங்கும் எஞ்சாது. எனவே அகழாய்வில் அது கண்ணுக்குப் படாததில் வியப்பில்லை. தீவின் பழைய மாவுச்சத்து நெல்லைவிடப் பனையிலேயே அதிகம் நின்றது என்று கருதுகிறேன். மறுக்கும் சான்று வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டிய கருத்துத்தான். ஆனால் நிலத்தின் இயல்பு என் பக்கம் நிற்கிறது. முன்னோர் மாவுச்சத்தே தொடாதவர்கள் என்ற பேலியோ வாசிப்பும் இங்கே நிற்காது. இலங்கையின் மழைக்காட்டுக் குகைகளில் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியவர்களே காட்டு ஈரப்பலாவையும் உண்டிருக்கிறார்கள்.

இக்கரையின் தட்டு மாவுச்சத்துப் பக்கம் உண்மையில் சாய்ந்தது மிக அண்மையில். 1942இல் பர்மா அரிசி நின்று இலங்கையில் பங்கீடு வந்தது. கூப்பன் அரிசியும் பாணும் கோதுமை மாவும் கூட்டுறவுச் சங்கக்கடை வழியே ஊரூராகப் போயின. 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவு ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு மாவுக்குப் பஞ்சமில்லை. 1990க்குப் பின் போர் கடலையே பூட்டியது. கடல்வலயத் தடையும் இடப்பெயர்வும் மீனைப் பறித்தன. முகாமில் கிடைத்த உலர் உணவு அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய். வலை வீசியவர் நிவாரண வரிசையில் நின்றார். மாவுச்சத்து மிகுந்த இந்தத் தட்டை இம்மக்களின் பரம்பரை இயல்பாகப் படிப்பது அநீதி. அரசும் போரும் பரிமாறியது அது.

எடைக்குறைப்பைப் பொறுத்தவரை, 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 609 பேர் சேர்ந்த ஓராண்டு முயற்சிக்குப் பிறகும், மாவுச்சத்தைக் குறைத்தவர் சராசரியாக 6.0 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர் 5.3 கிலோவுமே இழந்தனர். அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதல்ல. இரு சாராருக்கும் சீனியையும் தீட்டிய மாவையும் விலக்கவே சொல்லியிருந்தார்கள். புரதம் பசியை அடக்கும், எடை இறங்கும்போது தசையைக் காக்கும் என்பது உண்மைதான். அதற்குப் பேசாலையிலோ வங்காலையிலோ இருப்பவர் விலைகொடுத்துப் பாதாம் தேட வேண்டியதில்லை. நூறு கிராம் பச்சை மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, அதே அளவு சோற்றில் 3 கிராமுக்கும் குறைவு. இரண்டு அகப்பைச் சோறு ஒன்றாகி, மீன்குழம்பில் துண்டு கூடினால் போதும். கருவாட்டை மட்டும் உப்புக் கருதி அளவோடு கொள்ள வேண்டும்.

தீர்க்க முடியாத ஒரு காலக்கேள்வி எஞ்சுகிறது. தீவில் ஒடியல் மாவைக் கோதுமை மா எப்போது முந்தியது? பங்கீட்டுக் காலத்திலேயா, ஆலை வந்த பிறகா, முகாம்களிலா? மூன்றாவதற்கே என் மனம் சாய்கிறது. முதலாவதை ஒதுக்கிவிடவும் இயலவில்லை. சங்கக்கடைகளின் பழைய விநியோகப் பேரேடுகள் போருக்குத் தப்பி எங்கேனும் இருந்தால், ஊர்வாரியாக மா மூட்டைக் கணக்கை அவற்றிலிருந்து எடுக்கலாம்.