செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை 2007-08ஆம் கல்வியாண்டில் பரவலாக நடைமுறைக்கு வந்த, அட்டைகளைக் கொண்டு கற்பிக்கும் முறையாகும். ஆசிரியர்களிடையே, ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ‘ஏபிஎல்’ என்றே வழங்கியது.

இதன் வேர் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயரான டேவிட் ஹார்ஸ்பர்க் 1972இல் அங்கு நீல்பாக் என்ற சிறு பள்ளியை நிறுவினார். தேர்வு, தண்டனை, வகுப்புப் பிரிவு எதுவும் இன்றி ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படித்த பள்ளி அது. அங்கு பயிற்சி பெற்ற பத்மநாப ராவ், ரமா தம்பதியர் ஆந்திரத்தின் ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய சிற்றூர்ப் பள்ளிகளுக்காக இந்த முறையை அட்டைகளும், கற்கும் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி வரைபடமுமாக ஒழுங்குபடுத்தினர். இ.ஆ.ப. அதிகாரி எம்.பி. விஜயகுமார் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களின் பள்ளிகளில் இத்தகைய முறையைக் கையாண்டார். அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானதும் மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பார்த்துவந்து, தமிழ் அட்டைகளைத் தாங்களே எழுதினர். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முறை விரைவிலேயே எல்லா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளி என விரிந்து, அடுத்த ஆண்டே 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது.

பாடப்பகுதி முழுவதும் மைல்கற்களாகவும், ஒவ்வொரு மைல்கல்லும் சிறு படிகளாகவும் பிரிக்கப்பட்டது. படிக்கு ஓர் அட்டை. அட்டையின் மூலையில் ஒரு படக்குறியும் எண்ணும் இருக்கும். குழந்தை சுவரிலுள்ள ஏணிப்படியில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, அதே குறியுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்தக் குறிக்குரிய குழுவில் போய் அமரும். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு எனக் குழுக்கள் ஆறு. தமிழில் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. எழுத எளிய ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கியதால் சில நாட்களிலேயே குழந்தை ‘படம்’ என்று எழுதிவிடும். ‘அனா ஆவன்னா கூடத் தெரியவில்லையே’ என்ற பெற்றோரின் கவலைக்கும் இதுவே காரணமாயிற்று.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. நாற்காலியில் இருந்த ஆசிரியர் பாயில் குழந்தைகளோடு அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் ஆளுக்கொரு கட்டமாகக் கரும்பலகை தீட்டப்பட்டது. தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் குழந்தைகளின் படைப்புகள் தொங்கின. வருகைப் பதிவைக் குழந்தைகளே குறித்தனர். பிரம்புக்கு வேலை குறைந்தது. விடுப்பு எடுத்துத் திரும்பிய குழந்தை விட்ட படியிலேயே தொடர முடிந்தது; விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு இது சிறிய உதவியல்ல.

கற்றல் அடைவில் இவ்வளவு தெளிவான மாற்றம் தெரியவில்லை. கல்வி நிலையை அளக்கும் ஏசர் (ASER) கிராமப்புற ஆய்வுகளில் தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்பு மாணவரின் வாசிப்புத்திறன் பல ஆண்டுகள் தேசிய சராசரிக்குக் கீழேயே இருந்தது. குறை முறையினுடையது என்பதைவிட, அதைப் பரப்பிய வேகத்தினுடையது எனலாம். சென்னையில் அட்டையை எழுதியவரே அதைக் கையாண்டார். மற்ற இடங்களுக்கு அச்சிட்ட கட்டாகவும் ஆணையாகவும் வந்து சேர்ந்தது. பார்வையிட வந்தவர்கள் குழந்தை வாசிக்கிறதா என்பதைவிட, அடைவு அட்டவணை நிரப்பப்பட்டிருக்கிறதா, கம்பிப் பந்தல் இருக்கிறதா என்று பார்த்ததாக ஆசிரியர்கள் குறைப்பட்டனர். நான்கு வகுப்புகளும் கலந்து அமர்ந்த அறையில் ஆசிரியர் உதவிக் குழுவிலேயே பாதிக் குழந்தைகள் சேர்ந்துவிடுவதும், கிழிந்த அட்டைக்கு மாற்று வராததும் அன்றாடச் சிக்கல்கள். ஐந்தாம் வகுப்புக்குப் போன குழந்தை மீண்டும் புத்தகத்துக்குப் பழக வேண்டியிருந்தது.

சமச்சீர்க் கல்விப் பாடநூல்களும், 2012-13இல் வந்த முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் புத்தகத்தை மீண்டும் முன்னே கொண்டுவந்தன. அட்டைகள் எளிமைப்படுத்தப்பட்டு, நாளடைவில் வழக்கொழிந்தன. எனினும் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டனர்.