தாளம் என்னும் கங்காணி

வீடியோ கேம் பற்றியெல்லாம் எழுதுவதா என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் உண்டு. பொழுதுபோக்கு, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், மூலதனத்தின் போதை என்று மூன்று வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள். மூன்றும் பொய்யில்லை. ஆனால் ஆலைச் சங்குக்கும் பள்ளிக்கூட மணிக்கும் பின்னால் இருக்கிற அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற நாம், நாற்பது வருஷத்துக்கும் மேலாக எத்தனையோ கோடி விரல்களுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கருவியைப் பேசாமல் விடுவது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் நிஷிகாதோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மேலிருந்து ஐந்து வரிசையில் 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள் இறங்கி வருகின்றன. கீழே நீங்கள், ஒரு துப்பாக்கி. கூடவே நான்கே நான்கு தாழ்ந்த ஸ்வரங்கள், திரும்பத் திரும்ப. நெஞ்சு அடித்துக்கொள்வது போல இருக்கும். ஜந்துக்கள் குறையக் குறைய மீதியுள்ளவை வேகமாக நகரும். திரையில் வரைய வேண்டியது குறைந்துபோனதால் எந்திரம் தானாகவே வேகம் பிடித்த கதை அது. நான்கு ஸ்வரமும் அதோடு முடுக்கிக்கொண்டு ஓடும். விளையாடுகிறவனுக்குக் கை பதறும். அவன் செத்தால்தான் பெட்டிக்குள் அடுத்த நூறு யென் நாணயம் விழும். இசை இங்கே அலங்காரம் இல்லை, கல்லாப்பெட்டியின் கூலியாள்.

ஈ. பி. தாம்ஸன் 1967-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கடிகாரம் எப்படித் தொழிலாளியின் உடம்புக்குள் புகுந்து உட்கார்ந்தது என்று காட்டியிருப்பார். ஏற்றப் பாட்டில் தாளம் இறைக்கிறவன் கையில் இருக்கிறது. அவன் மூச்சுக்குத் தக்கபடி பாட்டு நீளும், குறுகும். ஆலையில் அது தலைகீழ். இந்தத் தலைகீழாக்கம் விளையாட்டு என்ற பேரில் வீட்டுக்குள் நுழைந்ததுதான் நான் சொல்ல வருகிற வரலாறு. 1985-இல் நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. மேடைக்கு மேடை தாவிப் போகிற ஆட்டவகைக்கு, அதாவது ப்ளாட்ஃபார்மருக்கு, இலக்கணம் வகுத்த ஆட்டம். இசை கோஜி கோந்தோ. ஓரத்தில் ஓடும் நேரக்கணக்கு நூறுக்குக் கீழே போனதும் ஒரு சின்ன எச்சரிக்கை ஒலி, அப்புறம் அதே மெட்டு தலைதெறிக்க ஓடும். வீட்டில் காசு போடும் பெட்டி கிடையாது. ஆனாலும் அவசரம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

மெட்டுப் போட்டவர்களின் நிலைமையும் பெரிதாக வேறில்லை. காப்காம் கம்பெனியின் 'ராக்மேன்' (வெளிநாட்டில் 'மெகா மேன்') 1987-இல் வந்தபோது அதன் இசையமைப்பாளர் மனாமி மத்ஸுமேயின் சொந்தப் பெயர் முழுசாகத் திரையில் வரவில்லை, விளையாட்டுப் பெயர் ஒன்றுதான் வந்தது. திறமைக்காரர்களைப் போட்டிக் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று அந்நாளைய ஜப்பானிய நிறுவனங்கள் செய்த ஏற்பாடு. அதிலும் காப்காமின் இசைப் பிரிவில் பெண்கள் கணிசம். 2014-இல் 'ஷவல் நைட்' என்ற சுயேச்சை ஆட்டக்காரர்கள் அவரைத் தேடிப்போய் இரண்டு மெட்டுகள் வாங்கிச் சேர்த்தார்கள், அவர் பெயரிலேயே.

ழாக் அத்தாலி 1977-இல் வெளியிட்ட இரைச்சல் பற்றிய நூலில், இசை வரப்போகிற பொருளாதார ஒழுங்கை முன்கூட்டியே ஒலித்துக் காட்டுகிறது என்றார். (அவரே பின்னால் மித்தரானின் ஆலோசகராகி, 1991-இல் ஒரு வங்கிக்கும் தலைவராகிப் போனார். அது கிடக்கட்டும்.) நகலெடுத்து அடுக்குகிற இசையின் காலம் முடிந்து, ஒவ்வொருவரும் தன் சந்தோஷத்துக்கென்று இசை பண்ணுகிற காலம் வரும் என்பது அவர் கனவு. வீடியோ ஆட்டங்களில் அதன் கீற்று தெரிந்தது எங்கோ ஒரு மூலையில். 1987-இல் தொஷியோ இவாய் என்ற கலைஞர் செய்த 'ஒதொக்கி'யில் எட்டுத் திசையிலும் சுடலாம், ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு ஸ்வரம். எப்போது சுட்டாலும் எந்திரம் அதைத் தாளத்துக்குள் பொருத்திவிடும். தப்பாக வாசிக்கவே முடியாது. துப்பாக்கி வாத்தியமானது, ஆனால் துப்பாக்கியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த பெரும்போக்கு வேறு. 1996-இல் மஸாயா மத்ஸுராவின் 'பரப்பா த ராப்பர்': வாத்தியார் ஒரு வரி சொல்ல, நாய்க்குட்டி திருப்பிச் சொல்ல வேண்டும். அசல் திண்ணைப் பள்ளிக்கூடம். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. வாத்தியார் சொன்னதை அப்படியே ஒப்பித்தால் சுமார்தான், சொந்தமாக இழுத்துப் பாடினால்தான் மேல் தகுதி. அங்கே வாத்தியார் விலகிக்கொள்வார். 1998-இல் கொனாமியின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அம்புக்குறி மேலே வரும், மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் உடனே ஒரு தீர்ப்பு. பேரில் மட்டும் புரட்சி. உடம்பை நொடிக்கணக்கில் பிரித்துத் தரம்போடுவதைப் பற்றி பூக்கோ 1975-இல் எழுதியதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கப்படம் கிடையாது. ஜனங்கள் அதில் சந்தோஷமாக வியர்த்தார்கள் என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறேன். சந்தோஷம் இருந்தால் ஒடுக்குமுறை இல்லை என்கிற கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. சந்தோஷமே ஏமாற்று என்கிற அதோர்னோவின் கடுகடுப்பும் ஒத்துவரவில்லை.

இந்த இடத்தில்தான் 2018-இல் வந்த 'வாண்டர்சாங்' எனக்கு முக்கியமாகிறது. கிரெக் லோபனோவ் என்பவரின் முயற்சி, பெரிய கம்பெனிப் பட்டாளம் இல்லை. இசை கார்ட் மெக்லாடரி, ஒலி எம் ஹால்பர்ஸ்டாட். மாரியோ வழியில் பக்கவாட்டில் நடந்து தாவுகிற ஆட்டம்தான், ஆனால் கதாநாயகர் ஒரு பாணர். ஆணா பெண்ணா என்று அழுத்திச் சொல்லப்படவில்லை. தொடக்கத்திலேயே கையில் வாள் கிடைக்கிறது, வீசத் தெரியவில்லை. நீ வீரன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். வீரப்பட்டம் ஆட்ரி என்ற இன்னொருத்திக்குப் போகிறது. பாணருக்கு மிச்சம் தொண்டை மட்டும்.

எட்டுத் திசைக்கு எட்டு நிறம், எட்டு ஸ்வரம். இவாயின் வட்டமேதான், துப்பாக்கியைக் கழற்றி எறிந்த பிறகு. ஒரு திசையில் பாடினால் அந்தத் திசைக்குச் செடி வளர்கிறது, அதன்மேல் ஏறிப் போகலாம். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதும் பாடலாம், யாரும் தண்டிப்பதில்லை. உலகத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பாடிப் படைக்கப்போகிறாள் ஏயா என்ற தேவி. தடுக்க வேண்டுமானால் பூமியின் பாட்டைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். அந்தத் துண்டுகளை வைத்திருக்கும் தெய்வங்களுக்கு ஆட்டத்தில் என்ன பெயர் தெரியுமோ? ஓவர்சீயர். நம் பாஷையில் கங்காணி! தேவியின் ஆணைப்படி ஆட்ரி அவர்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கிறாள். பாணர் அவர்களிடம் பாட்டு கேட்டுப் போய் நிற்கிறார். கங்காணியைக் கொல்வதும் கங்காணியின் தாளத்தைக் கற்றுத் தன் குரலில் பாடுவதும் இரண்டு அரசியல். ஆட்டம் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆட்ரியின் கோபத்தை வெறும் பேர்புகழ் ஆசையாகச் சுருக்கிவிட்டார்கள் என்றே படுகிறது. கீழிருந்து வாள் எடுத்தவர்கள் எல்லோரும் பேருக்காகவா எடுத்தார்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கும் எதையும் பாடலாம் என்றாலும் சில கதவுகள் திறக்க, காட்டுகிற நிறத்தை அதே வரிசையில் பாடியாக வேண்டும். பரப்பாவின் வாத்தியார் இங்கேயும் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். தப்பினால் அடி இல்லை, மறுபடி பாடலாம். ஆனால் சரியான விடை ஏற்கெனவே எழுதப்பட்டது.

நடனத்துக்கு மட்டும் தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கதையின் சோகமான இடத்தில்கூட அதை அழுத்தினால் பாணர் ஆடுவார். மதிப்பெண் கிடையாது, கதவு திறக்காது.