கடைசியில் நகர்பவருக்கு என்ன விலை?

இன்னிக்குப் பேசப்போறது மேசை மேல சின்னக் கப்பல் பொம்மைகளை வச்சு நடக்கிற விண்வெளிச் சண்டை. அதுலயும் குறிப்பா, யார் எப்போ நகரணும், யார் எப்போ சுடணும்ங்கிற விதியோட வரலாறு. நான் எக்ஸ்-விங் கத்துக்கிட்டப்போ பகடைக் கணக்கு ஒரே சாயங்காலத்துல பிடிபட்டுச்சு. இந்த வரிசை பிடிபடத்தான் வாரக்கணக்கா ஆச்சு.

சிக்கல் இதுதான். கதைப்படி எல்லாக் கப்பலும் ஒரே நேரத்துல பறக்குது. மேசையில ஒண்ணொண்ணாத்தான் நகர்த்த முடியும். பின்னால நகர்றவருக்கு எதிராளி எங்க நிக்கிறார்னு தெரிஞ்சுடும். அந்தச் சலுகையை யாருக்குக் கொடுக்கிறது?

1979-ல் வந்த ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் நேரத்தையே நறுக்கியது. ஒரு சுற்றுக்கு 32 துண்டு. வேகம் 16 உள்ள கப்பல் ஒன்றுவிட்டு ஒன்றில் நகரும். நியாயமான ஏற்பாடுதான், ஆனா அட்டவணை ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கும். 2004-ல் இத்தாலியில் உருவான விங்ஸ் ஆஃப் வார் (இது முதல் உலகப்போர் விமானச் சண்டை) வரிசையையே தூக்கிப்போட்டுது. ரகசியமா கார்டை வை, எல்லாரும் ஒண்ணாத் திருப்பு. அவ்வளவுதான்.

2012-ல் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்ட எக்ஸ்-விங், ரகசியத்தை வச்சுக்கிட்டு வரிசையைத் திரும்பக் கொண்டுவந்துது. எல்லாரும் டயலை மறைச்சு வைப்பாங்க. அப்புறம் பைலட் திறன் குறைஞ்ச கப்பல் முதல்ல நகரும், கூடினது கடைசியா. சுடும்போது தலைகீழ்: கூடினவர் முதல்ல. டார்த் வேடருக்கு 9, அகாடமி பைலட்டுக்கு 1. வேடர் தன் டயலை மாத்த முடியாது. ஆனா மத்தவங்க நின்ன இடத்தைப் பார்த்துட்டு, நகர்ந்த பிறகு ஒரு பக்கமா உருண்டு குறியிலிருந்து தப்பிச்சுக்கலாம். எனக்குப் பிடிச்சது இதுக்கான மாற்று மருந்து: முதல்ல நகர்ற கத்துக்குட்டி, வேடர் வரப்போற பாதையில போய் நின்னுடுவான். மோதினா வேடருக்கு அந்தச் சுற்றுல ஆக்ஷனே கிடையாது.

ஒரே எண் ரெண்டு நன்மையும் தந்தா என்ன நடக்கும்? அதை விலைக்கு வாங்கப் பார்ப்பாங்க. ஒரே பாயின்ட் கொடுத்தா திறனை 2 கூட்டுற கார்டு இருந்துச்சு, வேடரை 11 வரைக்கும் கொண்டுபோகலாம். 2018-ல் வந்த இரண்டாம் பதிப்பு அந்தக் கார்டை எடுத்துட்டு, அளவையும் பெரும்பாலும் 1 முதல் 6-க்குள் சுருக்குச்சு. உடனே சமநிலை நிறைய வந்துது. சமமானா, குறைஞ்ச பாயின்ட்டில் படை கட்டினவர்தான் முதல் ஆட்டக்காரர் யார்னு முடிவு பண்ணுவார். அதனால கடைசியா நகர்றதுக்காகவே பாயின்ட்டைச் செலவழிக்காம விட்டாங்க. இது ஏலம்தானே!

2022-ல் விதி மாறுச்சு: ஒவ்வொரு சுற்றிலும் டயல் வச்ச பிறகு பகடை உருட்டி முதல் ஆளைத் தீர்மானிக்கணும். இனி காசு கொடுத்து வாங்க முடியாது, முன்கூட்டியே கணக்குப் போடவும் முடியாது. எனக்கு இது சரின்னுதான் படுது. விண்வெளிச் சண்டையில அந்தச் சந்தேகம் இருக்கணும். ஏஸ் பைலட் பிரியர்கள் கொதிச்சது வேற கதை.

2024-ல் தயாரிப்பாளர்கள் விளையாட்டை வளர்க்கிறதை நிறுத்திட்டதா அறிவிச்சாங்க. இப்போ விதிகளைப் பார்த்துக்கிறது ஆட்டக்காரர்கள்தான். 2022-க்கு முந்தைய விதியோட ஆடுறவங்க ஒரு குழு, புதுசைத் தொடர்றவங்க இன்னொரு குழு.